பதினெட்டாம் நம்பர் வீடு: 14 மாதக் குடித்தனத்துக்குப் பிறகு

வாங்குவதற்கு முன்னால் இந்தக் குடியிருப்பைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒரு வரி கிடைக்கவில்லை. சரி, குடியிருந்து பார்த்துவிட்டு நாமே எழுதுவோம் என்று நினைத்தேன். 14 மாதம் ஆகிவிட்டது. கட்டியவர்களின் பெயரைப் போடவில்லை. பாக்கி வேலைகளுக்காக அவர்களோடு இன்னும் பேச்சு நடக்கிறது. காரைக்குடி பைபாஸ் ஓரம் செட்டிநாட்டு அரண்மனைப் படம் போட்ட விளம்பரப் பலகைகள் இப்போது நாலைந்து நிற்கின்றன. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். 33 வருஷம் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வேலை. அப்பா தச்சாசாரி. செட்டிநாட்டு வீடுகளில் கதவு இறங்கிவிட்டால், தூணில் கரையான் ஏறிவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆக, அப்பா பின்னால் உளிப்பெட்டி தூக்கிக்கொண்டும், பிறகு மீட்டர் பெட்டி தூக்கிக்கொண்டும் நான் நுழையாத செட்டிநாட்டு வீடு இந்தப் பக்கம் குறைவு. இதைச் சொல்வது பெருமைக்கு இல்லை. கீழே நான் சொல்லப்போகும் குறைகளை எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பது தெரிய வேண்டும் அல்லவா.

மொத்தம் 48 வீடு, நாலு வரிசை, வரிசைக்கு 12. மனை 3 சென்ட், கட்டடம் 1,080 சதுர அடி, ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, பின்னால் துணி துவைக்க ஓர் இடம். எல்லாம் சேர்த்து எனக்கு 52 லட்சம் ஆனது. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதும் தரகர்களின் குரலே மாறிவிட்டது. இன்று என்ன விலை சொல்கிறார்கள் என்பதை நேரில்தான் கேட்க வேண்டும்.

48 வீட்டுக்கும் ஒரே முகம். அதே இரண்டு தூண், அதே ஓட்டுச் சாய்ப்பு, அதே பழுப்பு வண்ண கேட், அதே இடத்தில் அதே குழல் விளக்கு. ஒற்றைப்படை எண் வீட்டுக்கு ஒரு பிளான். இரட்டைப்படைக்கு அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகத் திருப்பியது. குடிவந்த ஒன்பதாம் நாள் ராத்திரி, பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை. தெரு விளக்கு இல்லை. வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறந்து, கதவில் சாவியைப் போட்டேன். நுழைந்தது, திரும்பவில்லை. நாலு தடவை திருகிப் பார்த்துவிட்டு, பூட்டையும் இப்படி மட்டமாகப் போட்டிருக்கிறானே என்று திட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “யாரு?” என்றது. என் மனைவியின் குரல் இல்லை. அது 42-ஆம் நம்பர். அடுத்த தெருவில், என் வீட்டுக்கு நேராக, அதே இடத்தில் நிற்கிற வீடு. அந்த வீட்டுக்காரர் இப்போது எனக்கு நல்ல சிநேகிதர். அவரும் ஒருநாள் என் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, என் செருப்பு ஸ்டாண்டில் தன் செருப்பை வைத்துவிட்டுத்தான் சுதாரித்தார்.

இதை வைத்துக்கொண்டு “பழைய வீடெல்லாம் வேற மாதிரி, இது தீப்பெட்டி அடுக்கின மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் மைத்துனர் அப்படித்தான் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செட்டிநாட்டு வீடுகளும் ஒரே மாதிரிதான். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்களுக்கு இது தெரியாது, அவர்கள் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துவிட்டுப் போய்விடுவார்கள். நூறு வீட்டுக்குள் போன எனக்குத் தெரியும். தெருவில் ஏறினால் திண்ணை, முகப்பு. பெரிய கதவைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, பந்தி போடும் இடம். அப்புறம் அடுப்படி, கிணறு, பின்கதவு. பின்கதவைத் திறந்தால் அடுத்த தெரு. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். இந்த வரிசை கானாடுகாத்தானிலும் அதேதான், தேவகோட்டையிலும் அதேதான். ராத்திரி கரண்ட் போய் கூப்பிட்டால் டார்ச் இல்லாமலேயே மெயின் போர்டு வரை போய்விடுவேன், முன்பின் நுழையாத வீடாக இருந்தாலும்.

ஆனால் அந்த ஒரே மாதிரிக்கு ஒரு காரணம் இருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் வளவில் அவனுக்கு ஓர் அறை. அதற்கே ‘வீடு’ என்றுதான் பெயர். கொஞ்ச நாளில் ‘வேறு வைப்பார்கள்’, தனி அடுப்பு, தனிச் செலவு. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு ‘புள்ளி’. ஒரே கூரையின் கீழ் ஐந்து புள்ளி, ஐந்து அடுப்பு. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். பர்மா, மலேயா என்று ஆண்கள் வருஷக்கணக்காகக் கடல் தாண்டிப் போய்விடுவார்கள், பெண்கள் பத்திரமாக இருக்க வேண்டும். இது எல்லா வீட்டுக்கும் பொதுவான தேவை. அதனால் எல்லா வீடும் ஒரே மாதிரி. அப்புறம் அடையாளம்? அது முகப்பில் இருக்கும். ஒரு வீட்டு நிலையில் கஜலட்சுமி, இன்னொன்றில் கிருஷ்ணன், மொட்டைமாடிச் சுவரில் சுதைப் பொம்மைகள், வீட்டுக்காரர் எங்கே போய் என்ன பார்த்து வந்தாரோ அது. இது போதாதென்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விலாசம் உண்டு, முன்னோர் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து மூன்று நாலு எழுத்தில். எங்கள் ரிஜிஸ்தரில் கதவு எண்ணைத் தேடினால் நேரம்தான் போகும். விலாசத்தைச் சொன்னால் தெருமுனையில் விளையாடுகிற பையன்கூட வீட்டைக் காட்டிவிடுவான்.

இங்கே 48 வீடும் ஏன் ஒரே மாதிரி என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. “செண்ட்ரிங் தகடு ஒரே அளவு சார். கழட்டிக் கழட்டி அடுத்த வீட்டுக்குப் போடலாம்” என்றான். கான்கிரீட் ஊற்ற அச்சாக வைக்கிற தகட்டைச் சொல்கிறான்.

தகடு என்ன பாவம் செய்தது, அது கிடக்கட்டும். பிரச்சினை என்னவென்றால், அந்த பிளானை யாரோ ஒருவர் கிழக்குப் பார்த்த மனைக்காகப் போட்டிருக்கிறார். ஹாலில் தெருவைப் பார்த்து ஆறடி அகலக் கண்ணாடி ஜன்னல். கிழக்கு வரிசையில் காலை வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், அருமையாக இருக்கிறது. அதையே அப்படியே சுற்றி மேற்கு வரிசையில் வைத்துவிட்டார்கள். அதே ஜன்னல், மேலே அதே ஒன்றரை அடி சன்ஷேடு. சித்திரை மாதம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ஹாலில் உட்கார முடியாது. சோபாவின் கைப்பிடி ரெக்சின் வெடித்துவிட்டது. சமையலறை அக்கினி மூலையிலிருந்து (தென்கிழக்கு) வாயு மூலைக்கு (வடமேற்கு) போய்விட்டது. கேட்டால், “வாயு மூலையும் சமையலுக்கு ஆகும் சார்” என்று பதில். சாஸ்திரப்படி ஆகும்தான். சாயங்காலம் பலகாரம் சுடுகிற என் மனைவிக்கு ஆகவில்லை.

நடுவில் ‘மாடர்ன் முற்றம்’ என்று, விற்கும்போது கொடுத்த பட்டியலில் போட்டிருந்தார்கள். கூரையில் நாலுக்கு நாலு துளை, அதன் மேல் பிளாஸ்டிக் தகடு. பழைய முற்றத்தில் சூடான காற்று மேலே போகும், மழை உள்ளே விழும், தாமிரப் பீலி வழியாக வருகிற தண்ணீரை அண்டாவில் பிடிப்பார்கள். இங்கே காற்றும் போகாது, மழையும் வராது, வெயில் மட்டும் வரும். நான் தகட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒன்பது அங்குலம் உயர்த்தி கிரில் வைத்துவிட்டேன். 11,000 ரூபாய் ஆனது. இப்போது பரவாயில்லை.

இனி என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப்படை வீடுகளுக்கு பிளானைத் திருப்பினார்கள் என்றேன் அல்லவா. கொத்தனாரிடம் திருப்பிய வரைபடம் போயிருக்கிறது. கதவு போட்ட ஆசாரியிடமும் போயிருக்கிறது. வயரிங் ஆளிடம் மட்டும் பழைய வரைபடமே இருந்திருக்கிறது. ஒற்றைப்படை வீட்டில் கதவு இடப்பக்கம் கீல் போட்டுத் திறக்கும், உள்ளே நுழைந்ததும் வலது கை எட்டுகிற இடத்தில் சுவிட்ச் பெட்டி. சரியான இடம். என் வீட்டில் கீல் வலப்பக்கம் போய்விட்டது, சுவிட்ச் பெட்டியும் வலப்பக்கமே நிற்கிறது. அதாவது கதவைத் திறந்தால், கதவு போய் சுவிட்ச் பெட்டியை மூடிவிடும். இருட்டில் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, இன்னும் இருட்டான பிறகுதான் விளக்கைப் போட முடியும். படுக்கையறையிலும் இதே கதை. ஏசி பாயிண்ட் வெளிச்சுவரில் இல்லை, இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் இருக்கிறது. குழாயை எங்கே கொண்டுபோவது? 33 வருஷம் ஊராருக்கு சுவிட்ச் எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னவன் நான். என் வீட்டைப் பார்க்க வந்தபோது எல்லாக் கதவும் திறந்தே கிடந்தன, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

தரை. பட்டியலில் ‘ஆத்தங்குடி ஃபினிஷ்’ என்று இருந்தது. ஃபினிஷ் என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆத்தங்குடியில் தரைக்கல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தகர அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒவ்வொரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேலே சாந்து வைத்து அழுத்துவார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைப் பிரிக்கும்போது அந்தப் பளபளப்பு கல்லில் ஏறியிருக்கும். கையால் ஊற்றுவதால் பூவின் ஓரம் எங்காவது கொஞ்சம் கசியும், ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு இடத்தில்.

என் ஹாலில் இருப்பது தொழிற்சாலையில் படம் அச்சடித்த விட்ரிஃபைடு டைல்ஸ். ஒருநாள் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன்: ஒரு சிவப்பு இதழ், அதன் கீழ் ஓரத்தில் மஞ்சளுக்குள் கொஞ்சம் கசிந்திருந்தது. அட, கைவேலைதானோ என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பக்கத்துக் கல்லைப் பார்த்தேன், இல்லை. அதற்கடுத்தது, இல்லை. நாலு கல் தள்ளி, அதே இதழ், அதே ஓரம், அதே கசிவு. மொத்தம் நாலு கல்லைப் படம் பிடித்து அதையே மாற்றி மாற்றி அடித்திருக்கிறார்கள். எவரோ ஒரு தொழிலாளியின் கை ஒருநாள் நடுங்கியிருக்கிறது, அதுவும் சேர்ந்து 48 வீட்டுத் தரையிலும் கிடக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இதைத் துடைப்பது சுலபம். ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், புளித் தண்ணீர் கொட்டினால் கறை. என் மனைவி அச்சடித்த கல்லின் கட்சி.

தூண் சிமெண்ட், மேலே தேக்கு நிற பெயிண்ட். அப்பா இருந்திருந்தால் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருப்பார். இந்தக் குடியிருப்பு முழுவதிலும் உண்மையான பழைய சாமான் ஒன்றே ஒன்று: விற்பனை அலுவலகத்தின் வாசல் கதவு. பர்மா தேக்கு, பித்தளைக் குமிழ், நிலை முழுக்கச் செதுக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இப்படிக் கதவும் தூணும் பிரித்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பணம் கொடுக்கப் போனபோது அந்தக் கதவை ஐந்து நிமிஷம் தடவிக்கொண்டு நின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஏமாந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம், டல்லாஸ் பக்கம். அங்கேயும் இதே கதை, ஆனால் பெரிய அளவில். ஐந்தாறு பிளான், கூரையை இப்படியும் அப்படியும் திருப்பி, முன்பக்கம் மட்டும் செங்கல் ஒட்டி, மைல்கணக்கில் வீடு. சுவரைத் தட்டினேன், உள்ளே வெற்றிடம், மரச்சட்டம். குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து மகளுக்குக் கடிதம் வந்தது. மாப்பிள்ளைதான் லெவிட் டவுன் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பி வந்தபோது குடியிருக்க வீடு இல்லை. 1947-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் லெவிட் என்ற கம்பெனி, கார் தொழிற்சாலை மாதிரி வீடு கட்ட ஆரம்பித்தது. கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நிற்கும், ஆள் நகர்வான். வேலையை இருபத்துச் சொச்சமாகப் பிரித்து, ஒருவன் வெள்ளை பெயிண்ட் மட்டும், இன்னொருவன் சிவப்பு மட்டும் என்று வீடு வீடாகப் போனார்கள். 1951-க்குள் 17,000 வீட்டுக்கு மேல். கறுப்பர்களுக்குக் கிடையாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்களாம், அந்த அசிங்கமும் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு: குடிவந்தவர்கள் மாடியைக் கட்டி, பக்கத்தில் அறையை நீட்டி, கூரையை மாற்றி, இன்றைக்குக் கட்டியபடியே இருக்கிற வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டுமாம்.

எங்கள் பத்திரத்தில் ஐந்து வருஷத்துக்கு முகப்பை, அவர்கள் பாஷையில் எலிவேஷனை, மாற்றக்கூடாது, வண்ணம் மாற்றக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ‘குடியிருப்பின் ஒருமித்த அழகு’ கெட்டுவிடுமாம்.

இவ்வளவு குறை சொல்கிறவன் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். அதற்கு என்னைவிடப் பக்கத்து வீட்டு ஆச்சி நன்றாகப் பதில் சொல்வார். 16-ஆம் நம்பர். சென்னையில் மகனோடு இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் ஊர்ப் பக்கம் வந்துவிட்டார். பள்ளத்தூரில் அவர்களுடைய பழைய வளவு வீட்டுக்கு நானே ஒரு காலத்தில் மீட்டர் மாற்றியிருக்கிறேன். “அங்க போயி இருக்கலாமே ஆச்சி” என்றேன். “எனக்கு அதுல முப்பத்தாறுல ஒரு பங்கு தம்பி. ஓடு ஒடஞ்சா மாத்துறதுக்கு முப்பத்தஞ்சு பேர்ட்ட கேக்கணும், பாதிப் பேரு வெளிநாட்டுல. பொங்கலுக்குத் தொறக்கையில சாவி யார்ட்டன்னு தேடுறதே ஒரு வேலை. இங்க பாரு, ஒரே சாவி, என் முந்தானையில” என்றார். முழங்கால் உயர நிலைப்படி தாண்ட வேண்டாம், கூட்டிப் பெருக்க பத்து ஆள் வேண்டாம். எனக்கும் அதே கணக்குதான். பங்காளி வழக்கு இல்லாத மனை, 30 அடி தார் ரோடு, பட்டா தனித்தனி. இவை மூன்றும் சொன்னபடியே இருந்தன. போர்வெல் தண்ணீர் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருக்காது, ஆனால் குடிக்கலாம், உப்பு இல்லை.

ஒரே மாதிரி வீட்டில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் உண்டு. என் சுவிட்ச் பெட்டி விவகாரத்தை வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் இரட்டைப்படை வீட்டுக்காரர்கள் எல்லாம் அவரவர் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் வீட்டில் கசிவு எந்த மூலையில் என்றால், மற்றவர் வீட்டிலும் அந்த மூலையில்தான் தேட வேண்டும். பட்டியல் போட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்றால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிய வேண்டும். அந்தச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு சொன்னால், 30 நாளுக்குள் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். 2016-ஆம் வருஷச் சட்டம், பிரிவு 14. இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அலுவலகத்தில் நாற்காலி போட்டார்கள். கசிவு அடைத்துவிட்டார்கள். சுவிட்ச் பெட்டி ‘அடுத்த மாதம்’. பதினொரு வீட்டுக்கு நானே சுவரை வெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டேன், பைப்பும் வயரும் அந்தந்த வீட்டுக்காரர் செலவு, கூலி வீட்டுக்கு ஒரு சாப்பாடு.

இப்போது கூரியர் பையன் 18-க்கும் 42-க்கும் குழம்புவதில்லை. என் மனைவி வாசலில் தினமும் செட்டிநாட்டு நடுவீட்டுக் கோலம் போடுகிறாள்; கோலத்தைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. 42-காரர் கேட்டுக்கு உள்ளே ஒரு முருங்கை வைத்திருக்கிறார், மதில் தாண்டி வந்துவிட்டது. ஆச்சி தன் விலாசத்தை நாலு எழுத்தில் பித்தளையில் வெட்டி நிலைக்கு மேல் அடித்துவிட்டார். விற்பனைப் பையன் வந்து பார்த்தான். “இது எலிவேஷன்ல வரும் ஆச்சி” என்றான். “வந்தா வரட்டுமே அப்பச்சி, காப்பி குடிக்கிறியா” என்றார். குடித்துவிட்டுப் போனான்.

வாங்கலாமா என்றால், கிழக்கு வரிசையில் ஒற்றைப்படை எண் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், இந்த விலைக்கு மோசமில்லை. ஐந்துக்கு நாலு மார்க் போடுவேன். மேற்கு வரிசை என்றால் இரண்டரை. வீடு பார்க்கப் போவதை மத்தியானம் மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். உள்ளே போனதும் எல்லாக் கதவையும் ஒருதரம் சாத்திப் பாருங்கள். 44-ஆம் நம்பர் இன்னும் விற்காமல் இருக்கிறது, போன வாரம் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மேற்குப் பார்த்த வாசல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்: சுவிட்ச் பெட்டி கதவுக்குப் பின்னால்தான்.